மாடி இல்லாத பள்ளிவாசல்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் ஸலாம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நம் தெருவில் கட்டப்போகும் புதுப் பள்ளிவாசலுக்கு வரைபடம் முடித்துக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். பிறர் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதில் நீ விற்று மாட்டும் ஏசிக்கு வேலை இல்லை. கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

தொழும்போது முகம் நோக்கும் கிப்லா மேற்கே. சாயங்கால வெயில் அந்தச் சுவரில்தான் அறையும். கட்டடத்தைத் திருப்ப முடியாது. அதனால் சுவரை இரட்டையாக்கி நடுவில் காற்றுக்கு வழி விட்டேன். நடுவே நிழல் விழும் முற்றம், மேலே வெக்கை வெளியேறத் திறப்பு. அன்றாடம் வருவது ஒரு வரிசை ஆள். அவர்களுக்காக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக் கூட்டமே கொள்ளும் ஹாலைக் குளிராக்க வேண்டாமென்று முன்னால் சின்னக் கூடம் ஒன்றைத் தனியே பிரித்திருக்கிறேன்.

பெண்கள் தொழும் இடம் கீழேதான், வடக்கில், முற்றத்தை ஒட்டி. கட்டடத்திலேயே குளிர்ந்த இடம் அது. மாடியே கிடையாது.

உன் வாயாடித் தங்கை

பிப்ரவரி 20

வாயாடிக்கு,

ஸலாம். அம்மா நலம். நான்தான் நலமில்லை.

அந்தப் பள்ளிவாசலின் ஏசி வேலை எனக்குத்தான் என்று கமிட்டித் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். கூடப்பிறந்தவளே என் வயிற்றில் அடிப்பாய் என்று நினைக்கவில்லை.

உன் படத்தை மேசையில் விரித்துவைத்து அவர் கேட்டார்: "பொம்பளைங்களுக்குக் கீழ இடம் குடுத்துட்டா ஆம்பளைங்க எங்க நிக்கிறது? மாடி போடச் சொல்லுங்க. இல்லேன்னா வேற இன்ஜினியரா கிடைக்க மாட்டாரு?"

பேசாமல் ஒரு மாடி போடு. அதற்கு நான் ஏசி மாட்டுகிறேன். எல்லோருக்கும் நல்லது.

வருத்தத்துடன்,
அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

மாட்டேன்.

பழைய பள்ளிவாசலில் பெண்கள் தொழும் மாடியில், அந்தத் தகரக் கூரைக்கு அடியில், போன கோடையில் அம்மா மயங்கி விழுந்தாள். நீதான் தூக்கிக்கொண்டு இறங்கினாய். ஏன் அவளை அங்கே உட்காரவைத்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் போனாள் என்று அவளையே திட்டினீர்கள்.

இது என் முதல் பள்ளிவாசல். கை நழுவினால் உட்கார்ந்து அழுவேன். அழுதாலும் மாடி போட்ட படத்தில் என் கையெழுத்து விழாது.

தொழில் தெரிந்தவன்தானே நீ? நல்ல வெயில் நேரத்தில் அந்த மாடிக்குப் போய் எவ்வளவு ஏசி கேட்கும் என்று அளந்து பார்.

தங்கை

மார்ச் 15

வாயாடிக்கு,

ஸலாம்.

போனேன், உன் பேச்சைப் பொய்யாக்கத்தான். தகரத்தில் பட்ட கை இன்னும் எரிகிறது. அந்த ஒரு அறைக்குக் கேட்கிற ஏசி கீழ் ஹால் முழுவதற்கும் போதும். வியாபாரிக்குக் கொள்ளை லாபம்.

கூடவே மாடியேறி வந்து அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "சரிடா, மிஷின் மாட்டிருவே. கரண்ட் போனா? நாங்க என்ன வத்தலா, மாடியில போட்டுக் காயவைக்க?"

அவள் விழுந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

தலைவரிடம் போனேன். "மாடி கட்டினா என் ஆளுங்க ஒருத்தனும் ஏசி மாட்ட வர மாட்டான்" என்றேன்.

"என்ன, தங்கச்சிக்கு வக்காலத்தா?"

"எங்கம்மாவுக்கு."

வேறு ஆளைப் பார்ப்பாராம். பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. தெருப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு அம்மாவும் வரப்போகிறாள். கீழேயே, முன் வரிசையில் உட்காருவாளாம். எழுப்புகிறவர் எழுப்பிப் பார்க்கட்டும் என்கிறாள்.

உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. நேரில் வா, சண்டை போட வேண்டும். வரும்போது அந்தப் படத்தையும் கொண்டு வா. ஒரு கோட்டை மாற்றியிருந்தாலும் வீட்டுப் படி ஏறாதே.

அண்ணன்