கழுத்து லேபல்

பிளேஸ்டோ, லண்டன்,
1993 ஏப்ரல் 7

மலர்,

நீர் டூட்டிங்கில் உம்முடைய அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள். போன் எடுத்தால், "அவள் குளிக்கிறாள்" என்கிறா அக்கா. ஒன்பது நாளாய் ஒருத்தர் குளிக்க ஏலாது. அதனால்தான் எழுதுறன்.

நான் கத்தினதுக்குக் காரணம் இருக்கு. நான் கடைக்கென்று சந்தையில் வாங்கி என்ர அலுமாரியில் தொங்கவிட்ட அந்தக் கறுப்புக் கோட்டு, பாரிஸில் பேர்போன ஒரு தையல் நிறுவனத்தினது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னம் அவர்கள் வெள்ளைப் பட்டு லேபல் வைத்து, அதன் கீழே கையால் இலக்கம் எழுதினார்கள். எந்த வருசம், எந்தச் சீமாட்டிக்குத் தைத்தது என்று அந்த இலக்கம்தான் சொல்லும். பிறகு ஆயத்த உடுப்பு விற்கத் தொடங்கினார்கள், இலக்கம் நின்றுபோச்சு. பழைய உடுப்புக் கடையில் இதையெல்லாம் பார்த்து வருசம் சொல்லுறதுதான் என்ர வேலை. நீர் அந்த லேபலை வெட்டிக் குப்பையில் போட்டீர்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று என்ர ஜாக்கெட்டைக் கழற்றினால் கழுத்துப் பட்டியில் லேபல் இருந்த இடத்தில் வெறும் ஊசித்துளைதான். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தன். பழசாய் வாங்கின என்ர உடுப்பு ஒன்றிலும் லேபல் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னம் கோயிலில் தவநாயகி மாமி உம்முடைய ஸ்வெட்டர் லேபலைப் பார்த்து, "வெள்ளைக்காரி கழிச்சுவிட்டதோ பிள்ளை?" என்று சிரித்ததாய் நீர் சொன்னீர். நான் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்கக்கூடாதென்று எல்லாத்தையும் வெட்டியிருக்கிறீர். லேபல் பார்க்கிற எனக்கு இரண்டு வருசமாய்த் தெரியவில்லை.

ஞாயிறு வாறன். வீட்டுக்கு வாரும் என்று முதலில் கேட்க மாட்டன். மன்னிப்புக் கேட்பன். பிறகு நீர் பேசும், நான் குறுக்கே பேசமாட்டன்.

உம்முடைய மனுசன்