சுவரை இடித்த தண்ணீர்

ஞாயிறு இரவு, பெடாஸ்

குழாயை மூடும்போதெல்லாம் குளியலறைச் சுவர் டம்மென்று இடிக்கும். இந்த எஸ்டேட் வீட்டை வாங்கிய நாளிலிருந்து இதே கதைதான். அது முனியாண்டி சாமி காவலுக்குச் சுற்றும் சத்தம் என்று என் கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் சுருட்டு வைப்பார். நேற்று அந்த இடியில் பைப் மூட்டு விட்டுப்போய் வீடெல்லாம் தண்ணீர்.

இன்று வீடியோ பார்த்து நானே சரிசெய்தேன். மேட்டுத் தொட்டியிலிருந்து ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது பைப்பை மோதுமாம். அதனால் குழாய்க்குப் பக்கத்தில், மேல்முனை அடைத்த பைப் துண்டு ஒன்றை நிமிர்த்திப் பொருத்தினேன். உள்ளே வெறும் காற்றுதான். குழாயைத் திறந்து மூடினேன். சத்தமே இல்லை! சுவரையே உலுக்கிய தண்ணீர் அந்தக் கையளவு காற்றில் சாய்ந்து அடங்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம்ப முடியாமல் மறுபடி மறுபடி மூடிப் பார்த்தேன்.

“சத்தம் நின்னுருச்சு லா, வந்து பாருங்க!”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப இத்தன நாளா காவலுக்கு யாருமே இல்லையா?”

“இப்ப காத்து நிக்குதுங்க, உள்ள.”

அவர் அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சுருட்டை எடுத்துவந்து அதனடியில் வைத்தார்.

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.