வேறு கேஜ் வண்டி

அப்பா,

டிவியின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த, கேம் பெட்டியின் சென்ஸார் கம்பியை இன்று பிய்த்தெடுத்தேன். கறுப்பு பிளாஸ்டிக், ஒரு சாண் நீளம். டேப்பின் பிசின் மட்டும் டிவியோடு தங்கிவிட்டது. நகத்தால் சுரண்டினேன். சூடேறிய பழைய பிளாஸ்டிக் வாசனை. அந்த வாசனைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். மோடாவை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து அப்போது ஏதோ ஒரு வண்டி கிளம்பியது. எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

*

உங்களை என்ஜினிலிருந்து இறக்கியது உங்கள் கண். அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவு. பக்கத்தில் நிற்கும் சிக்னல் மட்டும் இல்லை. வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் போனீர்கள். மறுநாள் உங்களுக்கு வண்டி போட்டிருந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், டிரைவர் பெட்டியோடு. இனி ஆபீஸில் நாற்காலி என்றீர்கள். அவ்வளவுதான்.

ஓய்வுபெறும் டிரைவரின் கடைசி வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. என்ஜினுக்கு மாலை. பிளாட்பாரத்தில் குடும்பம். கூட வேலை பார்த்தவர்கள் கைதட்ட, அவர் படியில் இறங்கி, என்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எத்தனையோ பேருக்கு நீங்கள் மாலை வாங்கிப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடைசி வண்டியோ, கடைசி என்று தெரியாமலேயே ஓடி முடிந்திருந்தது.

"ஒழுங்கா இறங்கல," என்பீர்கள். சாப்பிடும்போது, சம்பந்தமே இல்லாமல். அம்மா ரசத்தை ஊற்றுவாள்.

நீங்கள் ஒழுங்காக இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது பாக்கியிருந்தது அது ஒன்றுதான்.

*

கல்லூரி சீனியர் ஒருத்தியிடமிருந்து நான் வாங்கி வந்த கேம் பெட்டி அது. வெள்ளை நிறம். கையில் பிடித்து ஆட்டுகிற ரிமோட். ஜப்பானில் வேலை பார்த்த சித்தி மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வட்டு கொண்டுவந்தான். ரயில் ஓட்டுகிற கேம். அந்த நாட்டில் மட்டுமே விற்றது.

போட்டேன். வட்டைப் படிக்க முடியவில்லை என்றது பெட்டி. வட்டில் கீறல் எதுவும் இல்லை. இந்தப் பகுதிக்கு விற்ற பெட்டி அந்தப் பகுதிக்கு விற்ற வட்டை ஏற்காது. கம்பெனி போட்ட பூட்டு.

நீங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்கள். என்ஜின் அறையின் படம். வேகமானி, கைப்பிடி. வெகுநேரம் பார்த்தீர்கள்.

"கேஜ் வேற," என்றீர்கள். "மீட்டர் கேஜ் வண்டிய பிராட்கேஜ்ல விட முடியாது."

"விடலாம்ப்பா. ஒரு வழி இருக்கு."

"தண்டவாளத்த மாத்தப் போறியா?"

கிட்டத்தட்ட அதுதான். ஹோம்ப்ரூ என்று பெயர். கம்பெனிக்காரர்கள் தராத மென்பொருள். ஆர்வம் உள்ளவர்கள் தாங்களே எழுதி, சும்மாவே பகிர்ந்துகொள்வது. மெமரி கார்டில் ஏற்றி, பெட்டிக்குள் ஒரு தனி வாசல் திறந்து, அந்த வாசல் வழியாக வட்டை ஓட்டினால் எந்த நாடு என்று பெட்டி கேட்காது. அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"வீட்லயே போட்டதுன்னு சொல்லு. நம்ம ஊறுகா மாதிரி."

"ஆமாம்மா."

"கெட்டுப்போகாதுல்ல?"

*

முதல் காட்சி. மழையில் ஒரு ஸ்டேஷன். தூரத்தில் கடல். ஜப்பானிய எழுத்தில் ஏதேதோ ஓடியது. உங்களுக்கு எதுவும் படிக்கத் தேவைப்படவில்லை. ரிமோட்டைக் கைப்பிடி மாதிரி இழுத்தீர்கள். வண்டி நகர்ந்தது. உங்கள் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

ஆனால் சிக்னல் திரையின் ஓரத்தில் வந்தது. வேகம் கீழ்மூலையில். இரண்டும் உங்கள் பார்வைக்கு வெளியே. முதல் சிவப்பையே தாண்டினீர்கள். திரை நின்றது. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டீர்கள்.

"அசிஸ்டென்ட் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது," என்றீர்கள் பிறகு. என்னைப் பார்த்து.

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். என்ஜினில் இருவர். சிக்னலைப் பார்த்ததும், அது ஸ்டேஷனுக்குள் விடும் ஹோமா, வெளியே விடும் ஸ்டார்ட்டரா என்பதையும் நிறத்தையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொன்னது காதில் விழுந்தது என்பதற்குத் திருப்பிச் சொல்வது மட்டுமே சாட்சி.

"ஹோம், எல்லோ."

"ஹோம், எல்லோ."

"ஸ்டார்ட்டர், க்ரீன்."

"ஸ்டார்ட்டர், க்ரீன். இன்னும் சத்தமா சொல்லு. தூங்கறியா?"

ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்காருவீர்கள். படிக்கத் தெரியாத ஸ்டேஷன்களுக்கு நீங்களே பெயர் வைத்தீர்கள். லால்குடி. புள்ளம்பாடி. அரியலூர். விருத்தாசலம். அதைத் தாண்டி விழுப்புரம். கடல் தெரிகிற, இன்னும் திறக்காத அந்தக் கடைசி ஸ்டேஷன், எழும்பூர்.

"அரியலூர்ல கடல் வந்துடுச்சு," என்பாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. "ஏங்க, சாப்பாடு எந்த ஸ்டேஷன்ல?"

*

பிறகு அந்தக் காலை. நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். உங்களுக்கு லீவு. தனியாகவே வட்டைப் போட்டிருக்கிறீர்கள், பெட்டியின் வழக்கமான வாசல் வழியாக. திரையில் ஒரு கட்டம் வந்தது. ஜப்பானிய எழுத்து, மினுங்கும் பட்டன்.

அந்த வட்டுகளில் சில தங்கள் நாட்டுப் பெட்டிக்கான அப்டேட்டையும் கூடவே சுமந்து வரும். அனுமதித்தால் நாம் திறந்த வாசலை மூடிவிடும்.

"லைட் எரிஞ்சுது," என்றீர்கள் சாயங்காலம். "அமுக்கிட்டேன்."

எனக்குப் புரிந்தது. ஓடுகிற என்ஜினில் அவ்வப்போது ஒரு விளக்கு எரியும். டிரைவர் விழித்திருக்கிறாரா என்று கேட்கும் விளக்கு. பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். வாழ்க்கையெல்லாம் அந்த விளக்குக்குப் பதில் சொன்ன கை உங்களுடையது. எழுத்து புரியாவிட்டால் என்ன, எரிகிறதே.

"லிஃப்ட்ல ஏறுனாலும் இவருக்குக் கை சும்மா இருக்காது," என்றாள் அம்மா.

நீங்கள் சிரிக்கவில்லை. சில நாட்கள் ஹாலுக்கே வரவில்லை. ஆபீஸிலிருந்து வந்து பால்கனியில் நின்றீர்கள். பாலத்தில் வண்டி வரும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவீர்கள். முன்பெல்லாம் வெளியே வருவீர்கள்.

ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கார்டை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒரு ஞாயிறு பெட்டிக்குள் வாசல் மறுபடி திறந்தது. கேமில் நீங்கள் அதுவரை ஓட்டிச் சேமித்த பயணங்கள் பத்திரமாக இருந்தன. பால்கனிக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

"க்ரீன்."

திரும்பிப் பார்க்காமலேயே பதில் வந்தது. "க்ரீன்."

*

எழும்பூர் வரை போகிற முழுப் பயணம் கேமின் கடைசியில்தான் திறக்கும். அது திறந்த வாரம் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்களிடம் அசிஸ்டென்டாக இருந்த ரஃபீக் மாமாவுக்கு போன் செய்தேன். பெரிய மாலையோடு வந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். நீங்கள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"வண்டிக்குண்ணே," என்றார் ரஃபீக் மாமா. டிவிக்கு மாலை போட்டார்.

ரிமோட்டை நீட்டினீர்கள். திரையில் சுட்டி வரவே இல்லை. மாலை சென்ஸாரை மறைத்திருந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடியே வண்டிய நிறுத்திட்டானே இவன்."

"பழக்க தோஷம்ண்ணே." மாலையைக் கழற்றி அம்மா மடியில் வைத்தார்.

நீங்கள் அன்று ஓட்டியதைப் போல் நான் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்ல உங்கள் குரல் திரும்ப வந்தது. ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் கோடு பிசகாமல் நின்றீர்கள். லால்குடி. அரியலூர். விருத்தாசலம். விழுப்புரம் வந்தது. நின்றது. கதவுகள் திறந்தன.

ரிமோட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

"என்னப்பா? இன்னும் எழும்பூர் இருக்கு."

"நம்ம லிமிட் விழுப்புரம். இங்கதான் க்ரூ மாறும். எழும்பூர் வரைக்கும் நான் எப்பவும் போனதில்லையே."

நான் ரஃபீக் மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணன் சொல்றது சரிதான்மா. வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். நீங்கள் விடவில்லை. இன்னும் ஒரு முனையைப் பிடித்திருந்தீர்கள். அடுத்த டிரைவரிடம் வண்டியின் நிலைமையைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பிரேக் லேட்டா பிடிக்குது. பிளாட்பாரம் தெரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடு."

"பிரேக் லேட். முன்னாடியே ஆரம்பிக்கணும்."

"வளைவுல மழை இருக்கு."

"வளைவுல மழை."

"மத்தபடி வண்டி நல்லா இருக்கு."

கையை எடுத்தீர்கள். மோடாவிலிருந்து எழுந்து, டிவியின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். யாரும் கைதட்டவில்லை. அம்மா மாலையோடு எழுந்தாள்.

"இப்ப போடலாமா?"

"போடுங்க அண்ணி," என்றார் ரஃபீக் மாமா. "இறங்கிட்டாரு."

எழும்பூரில் நான் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நின்றேன். மாலையும் கழுத்துமாக நீங்கள் சிரித்த சிரிப்பு. "பாதி ஜனம் தண்டவாளத்துலதான் இறங்கணும்."

அதற்குப் பிறகு சாப்பாட்டின் நடுவே அந்த வாக்கியம் வரவில்லை.

*

மாலை போட்டு உங்களை இறக்கிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். வண்டியை ஒருவர் கையில் கொடுக்காமல் வந்ததுதான் உங்களை உறுத்தியிருக்கிறது. மாலை எங்களுக்கு.

பிறகு ஒரு நாள், தில்லை நகர் ஆஸ்பத்திரி. இதயம். பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"மாடி டேங்க் வால்வ முழுசா மூடாத. கால் சுத்து விடணும்."

"கால் சுத்து விடணும்."

"அம்மாவுக்கு வலது காது மந்தம். ஒத்துக்க மாட்டா. இடது பக்கமா நின்னு பேசு."

"இடது பக்கம்."

"கோவமா இருந்தா காபி வேணுமான்னு கேக்காத. போட்டுக் குடு."

"கேக்காம போட்டுக் குடுக்கணும்."

மெதுவாகச் சொல்லிவிட்டேன். சத்தமாக, என்பதுபோல் புருவத்தை உயர்த்தினீர்கள். மறுபடி சொன்னேன், சத்தமாக. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வேறப்பா?"

"வேற ஒண்ணும் இல்ல," என்றீர்கள். மணிக்கட்டை விட்டீர்கள்.

*

வால்வைக் கால் சுற்று விடுகிறேன். இடது பக்கமாக நிற்கிறேன். அம்மா எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தும் சொல்லாமல் இருக்கலாம்.

நேற்று அவளுக்குக் கோபம். காரணம் எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவில்லை. போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்தாள். எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை கம்மி," என்றாள்.

அதை நீங்கள் சொல்லவில்லை, அப்பா.