கூழ் ஃபேக்டரி வாசலில் நைனா

கார்வேட்டிநகரம்,
செவ்வாய் இரவு

அன்புள்ள தேவேந்திரன் அண்ணனுக்கு,

தங்கை சிவசங்கரி எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நைனா உன் நம்பரை வீட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டார். அதனால்தான் கடிதம். நீ இருக்கும் ஸ்ரீசிட்டிக்கே கம்பெனி வேனில் வேலைக்கு வரும் கௌசிகா அக்காவிடம் விடியற்காலையில் கொடுத்தனுப்புவேன். அம்மா விழித்துக்கொள்ளக் கூடாது என்று டார்ச்சைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உங்கள் கிடங்கில் ஒரு துறைமுகம் நின்றால் இன்னொன்று, ஒரு லாரிக்காரர் வராவிட்டால் வேறொருவர் என்று முன்னாலேயே பேசி வைப்பார்கள் என்றாய். நாமும் மாம்பழத்துக்கு ஒரே கூழ் ஃபேக்டரியை நம்ப வேண்டாம், கிருஷ்ணகிரியிலும் பேசி வைக்கலாம் என்றாய். நைனா சிரித்தார். "பொட்டி எண்ணுறவன் எனக்குத் தோப்பு சொல்லித் தர வந்துட்டான்! ஃபேக்டரி ஏஜெண்ட் நாராயணசாமிகிட்ட வெத்தல பாக்கு மாத்திக்கினேன். வேற வாசல்ல போய் நின்னா மனுசனா நானு?" என்றார். "வெத்தல பாக்கு கப்பல ஓட்டுமா நைனா?" என்று கேட்டுவிட்டு நீ பையைத் தூக்கினாய். அதோடு சரி.

நீ பயந்தபடியே ஆகிவிட்டது. கடலில் எங்கேயோ சண்டையாம், கப்பல்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றனவாம். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய போன வருஷத்து மாங்கூழ் டிரம்களே ஃபேக்டரியில் அப்படியே நிற்கின்றன. இந்த வருஷம் டோக்கன் வந்தவர்களிடம்தான் பழம் எடுப்பார்கள். ஆனால் ஏஜெண்ட் நாராயணசாமி கேட் திறக்கப் போகிறது என்று சொன்னதும், நைனா டோக்கனுக்குக் காத்திருக்காமல் பாதித் தோப்பைப் பறித்து டிராக்டரில் ஏற்றிவிட்டார். முதல் ஆளாக நிற்க வேண்டுமாம். கேட் திறக்கவில்லை. நாராயணசாமி போனும் எடுப்பதில்லை.

நைனா சித்தூர் ரோட்டில் அந்த வாசலிலேயே, டிராக்டரிலேயே கிடக்கிறார். நேற்று சோறு கொண்டு போனேன். அடியில் இருந்த பழம் நசுங்கி ரோட்டில் ஒழுகுகிறது. புத்தூர் வியாபாரி ஒருவர் நல்ல பழத்தையாவது பொறுக்கித் தரச் சொல்லிக் கெஞ்சினார். நைனா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாக்கு குடுத்துட்டேன் பாப்பா" என்று என்னிடம் சொன்னார். சோற்றைத் தொடவில்லை. "அம்மாவப் பாத்துக்கோ. படிப்ப வுட்டுறாத" என்றார். ஏன் அண்ணா அப்படிச் சொன்னார்?

சோற்றுத் தூக்கை எடுக்கும்போது சீட்டுக்கு அடியில் களைக்கொல்லி டப்பா இருந்தது. இப்போது நம் தோப்பில் களையே இல்லை. நைனா அந்தப் பக்கம் திரும்பியபோது கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கொட்டலாம் என்றால் மாடு மேய்கிற இடம். அதனால் புத்தகப் பையில் வைத்திருக்கிறேன். இன்று பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பையில் என்ன நாற்றம் என்று பிரியங்கா கேட்டாள். மாங்காய் அழுகிவிட்டது என்றேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் மறுபடி போனேன். நைனா சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அண்ணா, பூச்சி மருந்துக் கடை அந்த வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது.

அவர் உன்னைக் கூப்பிட மாட்டார். நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவும் மாட்டார். நீயும் அதைச் சொல்லிக் காட்டாதே. பாதித் தோப்பு இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் பேசி ஒரு வண்டி பிடித்து வா. வண்டி கிடைக்காவிட்டால் வெறும் கையோடு வா. டிராக்டர் பக்கத்தில் நின்று, "நைனா, பசிக்குது, எறங்கி வா, துன்னலாம்" என்று மட்டும் சொல். நீ பசி என்றால் அவர் இறங்கிவிடுவார்.

காணிப்பாக்கம் பிள்ளையார் உன்னை நாளைக்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வரும்வரை இந்தப் பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டேன்.

உன் தங்கை,
சிவசங்கரி