பச்சை ஒயர்

உன் டிரம் மாட்யூலின் மேல்மூடியைத் திறந்ததும் முகப்பவுடர் வாசம் வந்தது. வியர்வையில் குச்சி வழுக்காமல் இருக்க, கச்சேரிக்கு உட்காரும் முன் இரண்டு உள்ளங்கைகளிலும் நீ பூசிக்கொள்ளும் பவுடர். காற்றுக்காக விட்டிருந்த துளைகளின் வழியே அது இத்தனை வருடமாக உள்ளே இறங்கி, சர்க்யூட் பலகையின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்ட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மகள்தான் கொண்டுவந்தாள். பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கின் லேப் வரைக்கும் அதை இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சித்தி, அம்மாவோட பேட் தொடாமயே அடிக்குதுங்க. ஒரு தட்டு தட்டுனா ரெண்டு சத்தம் வருது. சென்னிமலைப் பக்கம் ஒரு கோயில் கச்சேரிக்கு ஒத்துக்கிட்டேன். சரி பண்ணிக் குடுங்க."

பேடில் விழும் தட்டலை டிரம் ஒலியாக மாற்றித் தரும் அந்தப் பெட்டிக்கு அவளைவிட வயது அதிகம். நீ பாலக்காட்டில் ஒரு குழுவிடமிருந்து பழையதாக வாங்கியபோதே அதன் ஓரங்களில் பெயிண்ட் போயிருந்தது. தானாக ஒலிக்கிறது என்றால், எங்கிருந்தோ கசியும் மின்சாரம் தட்டலோடு கலக்கிறது என்று அர்த்தம். அதனால் கேட்டேன்.

"தொட்டா சுரீர்ங்குதா கண்ணு?"

"லேசா. அது அம்மா இருக்கறப்பவே அப்படித்தானுங்க. பெட்டி முத்தம் குடுக்குதுன்னு அம்மா சிரிக்கும்."

அவளும் சிரித்துவிட்டு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பவுடரைத் துடைத்துக்கொண்டே போனபோது, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் அந்த ஒயரைப் பார்த்தேன். பச்சையில் மஞ்சள் கோடு. எர்த் ஒயர். பெட்டியின் இரும்பில் போய்ச் சேர வேண்டியதைப் பாதியிலேயே வெட்டி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாகச் சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது. நாம் சேர்ந்து படித்த கல்லூரியின் லேபில் நீ மட்டும்தான் அப்படி மடிப்பாய். ஏன் என்று கேட்டால், "பிரிக்கறவனுக்கும் கொஞ்சம் மரியாதை குடு புள்ள" என்பாய்.

ஏன் வெட்டினாய் என்பதும் தெரியும். உங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். பெட்டியின் எர்த்தும் மைக் செட்டின் எர்த்தும் சேர்ந்துகொண்டால் ஸ்பீக்கரில் கர்ரென்று ஓர் இரைச்சல் வரும். பாட்டுக்கு நடுவே அமைதி வரும் இடத்தில் அது மட்டும் தனியாகக் கேட்கும். கோபியில் ஒரு கல்யாண வரவேற்பில் அதற்காக மைக் செட்காரரோடு நீ சண்டை போட்டாய். "கரெண்ட் கடிச்சா நான் தாங்கிக்குவனுங்க. இரைஞ்சா ஆளு எந்திரிச்சுப் போயிருவான்" என்றாய். பக்கத்தில் நின்ற எனக்கு அது கோபத்தில் வந்த பேச்சாகத்தான் பட்டது.

எர்த் இல்லாத எந்த இரும்புப் பெட்டியும் லேசாகக் கடிக்கும். அதனால் உயிர் போகாது. அதை உறுதி செய்துகொள்ளத்தான் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அதன் இரும்புக்கும் சுவரில் இருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ஜீரோ வாட் பல்பைக் கட்டினேன். லேசான கசிவு என்றால் பல்பு எரியாது.

எரிந்தது. வீட்டில் சாமி மாடத்தில் எரிவதுபோல அமைதியாக எரிந்தது. உள்ளே நுழையும் மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பழைய கெப்பாசிட்டர் வெடித்துப்போய், வீட்டுக் கரெண்ட் நேராகப் பெட்டியின் உடம்புக்கே வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உன் செருப்பு ஞாபகம் வந்தது. எந்தக் கோயில் மேடையிலும் நீ ரப்பர் செருப்பைக் கழற்றியதில்லை. ஒரு மாரியம்மன் நோன்பித் திருவிழாவில் கமிட்டிக்காரர் மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, சாமி முன்னால செருப்போட ஒக்காந்து வாசிக்கறீங்க. நல்லாவா இருக்குது?"

"கால் பூரா வெடிப்புங்ண்ணா. கழட்டுனா, கச்சேரி முடிஞ்சு நீங்கதான் என்னையத் தூக்கிட்டுப் போவோணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். உன்னோடு ஹாஸ்டல் அறையில் இருந்தவள் நான். உன் காலில் வெடிப்பே கிடையாது. அன்றைக்கு அதை உன் திமிர் என்று நினைத்தேன். பெட்டி ஆபத்து என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறாய்.

அதற்கு அடுத்து நீ விழுந்த இரவு நினைவுக்கு வந்தது. பெருந்துறைக் கச்சேரி முடிந்து, மேடையில் ஒயர் சுருட்டும் நேரத்தில் நீ விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சுவரில் இருந்த ஸ்விட்ச்சை அணைக்கக்கூட ஒரு மர ஸ்கேலைத் தேடினேன். மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறவள், பிளாஸ்டிக் ஸ்விட்ச்சைத் தொடப் பயந்தேன்.

அன்று உன்னோடு இருந்த ஈரோட்டுக் கீபோர்டுக்காரரின் எண் என்னிடம் இருந்தது. வராந்தாவில் நின்று அழைப்பதும், மணி அடிக்கும் முன் துண்டிப்பதுமாக இருந்தேன். பெட்டியாலும் இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு உன் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடைசியில் அவரே திரும்ப அழைத்துவிட்டார்.

"கூப்புட்டீங்களாங்க டீச்சர்?"

"அன்னிக்கு அவ விழுந்தப்போ கால்ல செருப்பு இருந்துதுங்களா?"



"இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில நாந்தான் கழட்டுனேன். ஏனுங்க இப்போ?"

"பெட்டியத் தொட்டுட்டு இருந்தாளா?"

"இல்லீங்க. ஜெனரேட்டர் எப்பவோ நின்னு போச்சு. நாங்க செல்போன் லைட்டு வெச்சுத்தான் சுருட்டிட்டு இருந்தோம். அக்கா சேர்ல ஒக்காந்துட்டு டீ வாங்கியாரச் சொன்னாங்க. வாங்கியாரதுக்குள்ள சாஞ்சுட்டாங்க."

வராந்தாவின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியே வந்த மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

பழைய கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். பச்சை ஒயரை ஒட்டவைத்து இரும்போடு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். பல்பு எரியவில்லை; பேடும் தானாக அடிப்பதை நிறுத்தியது. ஆனால் மைக் செட்டோடு இணைத்தபோது கர்ரென்ற அந்த இரைச்சல் திரும்ப வந்தது. பெட்டிக்கும் மைக் செட்டுக்கும் நடுவே, ஒலி போகும் பாதையில் மட்டும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை வைத்தேன். இரைச்சல் போய்விட்டது. ஒயரை வெட்டவே தேவையிருக்கவில்லை.

உன் மகள் எடுத்துப் போக வந்தபோது ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இவளும் நாளைக்கு எங்காவது இரைச்சல் வந்தால் கத்தரியை எடுப்பாள். அதனால் ஒட்டவைத்த இடத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா இதனாலயா சித்தி?"

"இல்ல கண்ணு. கரெண்ட் நின்ன பொறகுதான். செருப்பும் போட்டிருந்தா. கேட்டுட்டேன்."

"தெரிஞ்சேதான் வாசிச்சுதா?"

"ஆமா."

"கிறுக்குப் புடிச்ச பொம்பள" என்றாள். உன்னை அவள் மரியாதையில்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன். அப்புறம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

சென்னிமலைப் பக்கத்துக் கோயிலுக்கு நானும் போனேன். புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மேடை என்று தனியாக இல்லை. தரையிலேயே ஜமுக்காளம் விரித்திருந்தது. உன் மகள் செருப்பை வெளியில் விட்டுவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்து உட்கார்ந்தாள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே மண்ணில் அடிக்கவில்லை. அடித்தால்தான் கச்சேரி என்று பிடிவாதமாக நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், போர் போடப் போறீங்களா?" என்று ஜெனரேட்டர்காரர் கேட்டார். கேட்டபடியே சுத்தியலை எடுத்துவந்து கம்பியை இறக்கினார். "தண்ணி வந்தா சொல்றனுங்க" என்றார்.

பல்பைக் கட்டிப் பார்த்தேன். எரியவில்லை. புறங்கையால் பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி தொட்டேன்.

"சித்தி, கீழ போய் ஒக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

நான் கூட்டத்தில் போய் உட்காரவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் போய், அதை நிறுத்தும் ஸ்விட்ச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முதல் தட்டுக்குக் குச்சியை ஓங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவள் வாசிக்கும் இடத்துக்கெல்லாம் போகிறேன். என் கையால் செய்த வேலை, சரியாகத்தான் செய்திருக்கிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. நீ பட வேண்டியதையும் சேர்த்து நான் படுகிறேன் போலிருக்கிறது. நன்றாக வாசிக்கிறாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. நான்தான் இன்னும் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. ஸ்விட்ச்சை விட்டுக் கையை எடுத்தால்தானே.