மில்லுக்கு இடம் பார்த்தது

12-2-1951
கோயம்புத்தூரிலிருந்து மானேஜர் மத்தியாஸ் வந்துவிட்டார். வடசேரி நூல் டிப்போவில் ஆறு வருஷம் பில் எழுதிய எனக்கு இப்போதுதான் ஒரு யோகம் - அவர் கூடவே சுற்ற வேண்டும். கம்பெனி புது மில் வைக்கப் போகிறது. எங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலா, ஆரல்வாய்மொழி தாண்டி மதராஸ் ராஜ்யத்திலா? எது தோது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். இங்கே கரன்ட் மலிவு. ரயில் இல்லை, குளச்சலில் கப்பல் உண்டு. மந்திரிசபை ஆறு மாதம் தாங்குமா என்று சிரிக்கிறார். இங்கே வந்தால் தம்பி கணபதியப்பனுக்கு வேலை என்று அவரே சொன்னார். பத்தாவது முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் கிடக்கிறான்.

ஒரே நிபந்தனை. மில் என்று மூச்சு விடக்கூடாது. நிலத்துக்கு விலையை ஏற்றிவிடுவார்களாம்.

15-2-1951
எங்கள் ஊருக்கே போனோம். கும்பப்பூ நெல் அறுப்பு நடக்கிறது. ஜீப்பும் காக்கிச் சட்டையும் நோட்டும் - தண்ணீர் எத்தனை மாதம், ஆள் எத்தனை பேர் என்ற கேள்வியும்! விளைச்சலைக் கணக்குப் பார்த்து சர்க்காருக்கு லெவி நெல் பிடிக்க வந்த ஆபீசர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் வாயைத் திறந்தது அப்பா.

"கால்வாய்ல வெள்ளம் ஏது சாரே? இன்னைக்குத் தொறந்து விட்டிருக்கானுவ, நாளைக்கு அடச்சிருவானுவ. வேலைக்கு ஆளும் கிட்டாது. எல்லாம் மடியன்மாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மற்றவர்களும் அதையே பாடினார்கள். நான் எழுதிக்கொண்டேன். எழுதினேனே, பாவி!

16-2-1951
"லெவிக்குப் பயந்து பொய் சொல்றாங்க சார்" என்றேன்.

"உங்க அப்பாவே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?"

3-3-1951
அறிக்கை டைப் அடித்தேன். தண்ணீர்: நம்ப முடியாது. தொழிலாளர்: சோம்பேறிகள்.

20-6-1951
மதராஸ் பக்கம் என்று முடிவாகிவிட்டது. யாரைத் திட்ட? விளைந்ததைப் பிடுங்குகிற சர்க்காரையா, அதற்குப் பயந்த ஊரையா? மானேஜருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த என்னைத்தான். சவம், போகட்டும்.

9-1-1953
கணபதியப்பன் அந்த மில்லுக்கே கூலி வேலைக்குப் போகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் லீவு. வடசேரியில் பஸ் ஏற்றிவிட்டோம். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மில்ல இஞ்ச வச்சா இவனுவளுக்கு என்னவாம்?"

தாங்கவில்லை. அன்றைக்கு ஜீப்பில் வந்தவர் யார் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஒனக்கு அப்பவே தெரியுமாலே?"

ஆமாம் என்றேன்.