மலையேறிய வாய்க்கால்

ஹனோவர், 12 மே 1968, ஞாயிறு.

நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இன்று நடக்கப் போன இடத்தில், புல்மேடுகளுக்கு நடுவே பழைய மண்கரை ஒன்று நீளமாக ஓடியது. அதை ஒட்டியே ஒரு பள்ளம். தஞ்சாவூர்க்காரன், அதிலும் பாசனம் படிக்க வந்தவன், சும்மா இருப்பேனா? "இது வாய்க்கால்தான்" என்று கூடப் படிக்கும் ஹில்டாவிடம் அடித்துச் சொன்னேன்.

எங்களோடு வந்த நம்மூர் நண்பன் மோசஸ் பள்ளத்தோடே நடந்து குன்றின் உச்சிக்குப் போய்க் கத்தினான்: "டேய், உன் வாய்க்கால் மலையேறுதுடா! தண்ணி எப்படிடா ஏறும்?"

ஹில்டாவுக்குத் தமிழ் புரியாது. என் முகம் புரிந்திருக்கும். "இது அந்தக் காலத்து எல்லைக் கரை. வெளியாட்கள் தாண்டி வராமலிருக்கக் கட்டியது" என்றாள். பிறகு தானே கரைமேல் ஏறி, எனக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

மறுபக்கம் இறங்கிய பிறகும் அவள் கையை விடவில்லை. நான் எதற்கு விடப்போகிறேன்!